எம்.எஸ்சி. கணிதப் பாடத்திட்டக் குழுவுக்கு: ஃபூரியர் பகுப்பாய்வை ஓரத்தில் வைக்காதீர்கள்

பாடத்திட்டக் குழுவிலுள்ள பேராசிரியர்களுக்கு வணக்கம்.

எம்.எஸ்சி. கணிதப் பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கல்லூரிகளுக்குக் கருத்துப் படிவம் வரும், அதில் நாலு வரிக்கு இடம் இருக்கும். நான் சொல்ல வந்தது நாலு வரியில் அடங்காது, அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இந்த மடல். கேட்பது ஒன்றுதான். சார்புகளை சைன், கொசைன் அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் பகுப்பாய்வை ஒரு முழுப் பருவத்துக்கு, நிரூபணங்களோடு, கட்டாயப் பாடமாக வையுங்கள். மெஷர் தியரி (நீளம், பரப்பு என்ற அளவைப் பொதுமைப்படுத்தி, அதன் மேல் லெபேக் தொகையீட்டைக் கட்டும் பாடம்) முடிந்த அடுத்த பருவத்திலேயே வையுங்கள். விருப்பப் பாடப் பட்டியலின் கடைசியில் ‘ஹார்மானிக் அனாலிசிஸ்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு, எந்தக் கல்லூரியும் எடுக்காமல் அது வருடக்கணக்கில் அப்படியே கிடப்பதில் யாருக்கும் பயன் இல்லை.

இப்போது நடப்பது உங்களுக்கும் தெரியும். பி.எஸ்சி.யில் ஃபூரியர் தொடர் வருகிறது. எக்ஸ் வர்க்கத்தை மைனஸ் பையிலிருந்து பை வரை எடுத்து, பகுதித் தொகையீடு போட்டு, கெழுக்களைக் கண்டுபிடித்து, கடைசியில் எக்ஸுக்குப் பதில் பை என்று போட்டால் 1 + 1/4 + 1/9 என்று போகும் தொடரின் கூட்டல் பை வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வரும். பத்து மதிப்பெண், அதோடு சரி. அந்தத் தொடர் உண்மையிலேயே அந்தச் சார்பில் போய்ச் சேருகிறதா, எந்தப் புள்ளியில் சேரும், எங்கே சேராது, சேருவது என்றாலே என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. எம்.எஸ்சி.க்கு வந்தால் வெப்பச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது ஃபூரியர் ஒருமுறை தலை காட்டுவார், அங்கேயும் ‘இத்தொடர் ஒருங்கும் என்று கொள்க’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம்.

அதே மாணவர்கள் இன்னொரு பக்கம் லெபேக் தொகையீடு படிக்கிறார்கள், மூன்றாம் பருவத்தில் ஃபங்ஷனல் அனாலிசிஸ் படிக்கிறார்கள். வரையறை, தேற்றம், நிரூபணம், வரையறை, தேற்றம், நிரூபணம். “இதெல்லாம் எதுக்கு சார்?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஃபூரியர் தொடர்தான், அதைத்தான் நாம் காட்டாமல் விடுகிறோம். 1807-ல் ஃபூரியர் வெப்பம் பரவுவது பற்றிய தன் கட்டுரையைப் பாரிஸில் சமர்ப்பித்து, எந்தச் சார்பையும் சைன், கொசைன்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்றபோது, லக்ராஞ்ச் அதை ஏற்கவில்லை. தாவுகிற, உடைகிற ஒரு சார்பை வழுவழுப்பான அலைகளைக் கூட்டி எப்படிப் பெற முடியும்? நியாயமான சந்தேகம்தான். 1829-ல் டிரிக்லே ஒரு வகைச் சார்புகளுக்கு மட்டும் சரியான நிரூபணம் தந்தார். 1854-ல் ரீமான் தன் தொகையீட்டுக்கு வரையறை எழுதியதே முக்கோணவியல் தொடர்களைப் பற்றிய ஆய்வேட்டில்தான். 1870-களின் தொடக்கத்தில் கான்டர் ஒரு சார்புக்கு இரண்டு வெவ்வேறு தொடர்கள் இருக்க முடியுமா என்று பார்க்கப் போய், எந்தெந்தப் புள்ளிகளை விட்டுவிடலாம் என்று கணக்கெடுக்கப் போய்தான் கணங்களின் கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். லெபேக்கின் ஆய்வேடு 1902, ரீஸ், ஃபிஷர் இருவரின் தேற்றம் 1907. அனாலிசிஸ் என்று நாம் நான்கு பருவமும் நடத்துவதில் பாதி, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போன வழியில் பிறந்தது. பதிலை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, கேள்வியை மறைத்து வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு வகுப்பைச் சொல்கிறேன், பாடத்திட்டத்துக்கு வெளியே மாலை நேரத்தில் நான் நடத்துவது. பானாக்–ஸ்டைன்ஹவுஸ் தேற்றம் எல்லோருக்கும் தெரியும், தேர்வில் அடிக்கடி வரும்: அளவுகள் எல்லையில்லாமல் வளரும் நேரியல் செயலிகள் ஏதோ ஒரு சார்பிலாவது எல்லை மீறியே ஆகும் என்பது. ஃபூரியர் தொடரின் முதல் சில உறுப்புகளைக் கூட்டுவது என்றால் டிரிக்லே கெர்னல் என்ற ஒரு குறிப்பிட்ட சார்போடு பெருக்கித் தொகையிடுவது. அந்தக் கெர்னலின் தனி மதிப்பைத் தொகையிட்டால், உறுப்புகள் கூடக் கூட அது லாக் வேகத்தில் எல்லையில்லாமல் வளர்கிறது. இந்த ஒரு கணிப்பைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, பானாக்–ஸ்டைன்ஹவுஸைப் பக்கத்தில் வைத்தால் போதும்: ஏதோ ஒரு தொடர்ச்சியான சார்பின் ஃபூரியர் தொடர் ஒரு புள்ளியில் விரிந்தே ஆக வேண்டும். சார்பைக் கண்ணில் காட்டாமலே அது இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. டு புவா-ரேமோன் 1873-ல் அப்படி ஒன்றைக் கையாலேயே கட்டிக் காட்டியிருந்தார், அது ரொம்பக் கஷ்டமான கட்டுமானம். பொதுத் தேற்றம் எதற்கு என்று அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் புரிகிறது. அப்புறம் அடுத்த வகுப்பில் ஃபேயரின் தேற்றம். கூட்டல்களை அப்படியே பார்க்காமல் அவற்றின் சராசரியை எடுத்தால், எந்தத் தொடர்ச்சியான சார்புக்கும் அது சீராக ஒருங்கிவிடும். காரணம், புதிய கெர்னல் எங்கேயும் குறைமதிப்புக்குப் போகாது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தபோது 1900-ல் ஃபேயருக்கு வயது 20. எல்-1 வெளியில் (தனி மதிப்பின் தொகையீடு முடிவுள்ள சார்புகள்) இருந்தும் ஏறக்குறைய எல்லாப் புள்ளியிலும் விரியும் ஃபூரியர் தொடரைக் கோல்மகரோவ் கட்டியபோது அவருக்கு 19, அது 1923-ல் அச்சானது. எங்கள் மாணவர்கள் இந்த வயதைத் தாண்டித்தான் எம்.எஸ்சி.யில் வந்து உட்காருகிறார்கள், இந்தக் கணக்கைப் பார்க்காமலே எழுந்து போகிறார்கள்.

எல்-2 சார்புகளுக்கு (வர்க்கத்தின் தொகையீடு முடிவுள்ளவை) ஃபூரியர் தொடர் ஏறக்குறைய எல்லாப் புள்ளியிலும் ஒருங்கும் என்று லூசின் 1915-ல் ஊகித்ததைக் கார்ல்சன் 1966-ல்தான் நிரூபித்தார். அந்த நிரூபணத்தை எம்.எஸ்சி.யில் நடத்தச் சொல்லவில்லை. அப்படி ஒரு தேற்றம் இருக்கிறது, அதற்கு 51 வருடம் ஆனது என்பதாவது தெரிய வேண்டாமா?

இதெல்லாம் எங்கும் பொருந்தும். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எழுதுவதால் இங்கே மட்டும் பொருந்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். இரண்டிலும் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், குஜராத் பக்கம் போல ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்காது. இருந்தாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும், அட்டமி, நவமியை ஒட்டி மந்தமாக இருக்கும் என்பது கரையில் வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். இதில் பெரும்பகுதி இரண்டு உறுப்புகளின் கூட்டல். சந்திரனால் வருவதற்கு எம்2 என்று பெயர், சுழற்சிக் காலம் 12.42 மணி நேரம். சூரியனால் வருவது எஸ்2, சரியாக 12 மணி நேரம். இரண்டும் ஒத்துப் போகும்போது பெரிய ஏற்றம், எதிரெதிராக நிற்கும்போது சின்ன ஏற்றம், ஒரு பெரிய ஏற்றத்திலிருந்து அடுத்ததற்கு 14.77 நாள். இதோடு நாளுக்கு ஒருமுறை வரும் கே1 (23.93 மணி), ஓ1 (25.82 மணி) எல்லாம் சேரும். இப்படிப் பிரித்தெழுதும் வேலையை 1867-ல் தொடங்கியவர் பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். பற்சக்கரமும் கப்பியும் வைத்து இந்த உறுப்புகளைக் கூட்டும் இயந்திரமும் அடுத்த சில ஆண்டுகளில் வந்துவிட்டது, 1879-ல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே ஒன்றை இங்கிலாந்தில் செய்தார்கள்.

இது வரைக்கும் எஞ்சினியரிங் புத்தகத்திலும் இருக்கும். எம்.எஸ்சி. மாணவர் நின்று பார்க்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. ஏற்றவற்றத்துக்கு நாம் பி.எஸ்சி.யில் படித்த ஃபூரியர் தொடர் கிடையாது! ஃபூரியர் தொடர் வேண்டுமென்றால் ஒரு சுழற்சிக் காலம் வேண்டும், எம்2-வும் எஸ்2-வும் பொதுவான சுழற்சிக்கு வருவதில்லை. ஆனால் ஏறக்குறைய வரும். 708 மணி நேரத்தில், அதாவது 29 நாளும் 12 மணி நேரமும் ஆனதும், எஸ்2 சரியாக 59 சுழற்சி முடித்திருக்கும். எம்2 தன் 57-வது சுழற்சியை அதற்கு ஒன்றரை நிமிடம் முன்னால் முடித்திருக்கும். அந்த இரண்டு உறுப்புகளை மட்டும் பார்த்தால் கடல் பழைய நிலைக்கே திரும்பியது போல இருக்கும். அதே நேரத்தில் ஓ1-ஐச் சேர்த்துப் பாருங்கள், அது 27 சுழற்சி முடித்து, அடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் நிற்கும், கணக்கு கெட்டுவிடும். மூன்றும் சேர்ந்து திரும்ப இன்னும் நீண்ட காலம் வேண்டும். எவ்வளவு சின்னப் பிழையை அனுமதித்தாலும், அதற்குள் திரும்பி வரும் நேரங்கள் காலம் முழுக்கப் பரவிக் கிடக்கும் என்பதையே வரையறையாக எடுத்துக்கொண்டு ஹரால்டு போர் 1920-களில் ‘ஏறக்குறைய சுழலும் சார்புகள்’ என்ற கோட்பாட்டைக் கட்டினார். (இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தம்பி. 1908 ஒலிம்பிக்கில் டென்மார்க்குக்காகக் கால்பந்து ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர்.)

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எம்2-வின் நிலையை ஒரு வட்டத்தில் குறியுங்கள், எஸ்2-வின் நிலையை இன்னொரு வட்டத்தில். இரண்டும் சேர்ந்தால் ஒரு டோரஸ், அதாவது வளையத்தின் மேற்பரப்பு. கடல் மட்டம் அந்த டோரஸின் மேல் உள்ள ஒரு சாதாரணத் தொடர்ச்சியான சார்பு; நாம் கரையில் நின்று பார்ப்பது, அந்த டோரஸைச் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு கோட்டின் வழியே தெரியும் அதன் மதிப்பை. உறுப்புகள் கூடினால் வட்டங்கள் கூடும், எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்தால் ஹரால்டு போரின் பெயரில் உள்ள காம்பாக்ட் குலம் கிடைக்கும். அங்கிருந்து ஹார் 1933-ல் காட்டிய அளவு, பொன்ட்ரியாகினின் இருமைத் தேற்றம் எல்லாம் ஒரே நேர் வழி. வட்டத்தின் மேல் தொடர், நேர்கோட்டின் மேல் உருமாற்றம், முடிவுள்ள குலத்தின் மேல் கணினி போடும் கணக்கு, மூன்றும் ஒரே விஷயம் என்று பிள்ளைகள் அங்கேதான் பார்க்கிறார்கள். ஹார்மானிக் அனாலிசிஸ் என்பது அந்தப் பார்வைதான். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஒவ்வொரு படகுத் துறையிலும் அது ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

செய்முறையும் வைக்கலாம், காசு செலவில்லை. படகுத் துறையில் அளவு குறித்த ஒரு கம்பத்தை நட்டு, முறை போட்டு மணிக்கு ஒரு தடவை 15 நாள் குறித்தால் 360 அளவுகள். நான்கு உறுப்பும் ஒரு சராசரியும் என்றால் ஒன்பது தெரியாத எண்கள், குறைந்த வர்க்க முறையில் கண்டுபிடித்துவிடலாம். ஏன் ஒரு வாரம் போதாது? எம்2-வையும் எஸ்2-வையும் பிரித்துப் பார்க்கக் கிட்டத்தட்ட 15 நாள் வேண்டும், அதற்குக் குறைவாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எஸ்2-வையும் கே2 என்ற உறுப்பையும் (11.97 மணி) பிரிக்க ஆறு மாதம் வேண்டும். நேரத்தில் குறுக்கினால் அதிர்வெண்ணில் பரவும் என்று ஹைசன்பர்க் பெயரில் உள்ள சமனிலி சொல்வது இதைத்தான். இதைப் பிள்ளைகள் முதலில் தங்கள் கையில் உள்ள எண்களில் பார்த்துவிட்டு, அப்புறம் பிளான்ஷரல் தேற்றத்தை (ஃபூரியர் உருமாற்றத்தில் எல்-2 அளவு மாறாது என்பது) வைத்து நிரூபிக்கட்டும். ஒரு வருடத்துக்கு மணிக்கு ஒன்று என்று 8760 அளவுகள் கிடைத்தால், நேரடியாக உருமாற்றம் போட ஏறக்குறைய 7.67 கோடி பெருக்கல். 1965-ல் கூலியும் டுக்கியும் தந்த வேக முறையில் ஒரு லட்சத்துச் சொச்சம். முடிவுள்ள குலத்தின் உட்குலங்களைப் பயன்படுத்திக்கொள்வதுதான் அந்த முறை, இயற்கணிதம் நடத்துகிற ஆசிரியருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

கள்ளக்கடலையும் சொல்லாமல் விட முடியவில்லை. இங்கே காற்றே இல்லாமல் தென் கரையில் திடீரென்று பெரிய அலை வந்து ஏறும், தென் இந்தியப் பெருங்கடலில் பல நாள் முன்பு அடித்த புயலின் அலை அது. ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகம் சுழற்சிக் காலத்துக்கு ஏற்றபடி கூடும். 18 விநாடி அலை 6000 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து நாளில் கடக்கும், 12 விநாடி அலைக்கு ஏழு நாளுக்கு மேல் ஆகும், அதனால் நீண்ட அலை முதலில் வந்து சேரும். இதை எழுதினால் ஃபூரியர் உருமாற்றத்தில் ஒரு அலைவுத் தொகையீடு, அது பெரிய நேரத்தில் எப்படிச் சிறுக்கிறது என்ற கேள்வி. ஸ்டைன் தொடங்கி வைத்த கட்டுப்பாட்டுத் தேற்றங்களும் 1977-ல் ஸ்ட்ரிச்சார்ட்ஸ் தந்த மதிப்பீடுகளும் இந்த வகைக் கேள்விகளிலிருந்து வந்தவை. ஃபெஃபர்மன் 1971-ல் அதே துறையில் ஒரு கேள்வியை ஒரு ஊசியை எல்லாத் திசையிலும் வைக்கும் கணங்களைக் கொண்டு தீர்த்தார். அந்த ஊசிக் கணங்களைப் பற்றிய முப்பரிமாண ஊகத்துக்கு ஹாங் வாங், ஜோஷுவா ஸால் இருவரும் 2025 பிப்ரவரியில் நிரூபணம் வெளியிட்டார்கள். இன்றைக்கு உயிரோடு நடக்கிற துறை இது.

சரி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன். நெட், டிஆர்பி தேர்வுகளுக்கு இது உதவாது என்று முதலில் சொல்வீர்கள். சிஎஸ்ஐஆர் நெட் பாடத்தில் லெபேக் அளவும் தொகையீடும் இருக்கின்றன; வெப்ப, அலை, லாப்லாஸ் சமன்பாடுகளை மாறிகளைப் பிரித்துத் தீர்ப்பதும் இருக்கிறது. ஃபூரியரை ஒழுங்காகப் படித்தவருக்கு இவை தனியாகப் படிக்க வேண்டியவையே அல்ல. அதைவிட, பிஎச்.டி. நேர்காணலுக்குப் போய் வந்த மாணவி ஒருத்தி சொன்னதைக் கேளுங்கள். எல்-1 வெளியின் வரையறையைத் தெளிவாகச் சொன்னாளாம். அப்படியானால் ஒரு எல்-1 சார்பின் ஃபூரியர் கெழுக்கள் ஏன் சுழியத்துக்குப் போகின்றன என்று கேட்டார்களாம். ரீமான்–லெபேக் துணைத்தேற்றம், மூன்று வரி நிரூபணம், எளிய சார்புகளால் தோராயம் செய்வது அவளுக்கு நன்றாகவே தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா விசைப்படகுக்குப் போகிறவர், 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் வாங்கித்தான் அவளை அனுப்பினார்கள். அவளிடம் குறை இல்லை, நாம் கொடுத்த பாடத்திட்டத்தில்தான் குறை.

நடத்த ஆசிரியர் இல்லை என்பது அடுத்தது. இது உண்மைதான், ஆனால் நிரந்தரம் இல்லை. இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. கணிதவியலாளர் ஹார்டியிடம் கேம்பிரிட்ஜில் பயின்று வந்த ஆனந்த ராவ் சென்னை மாநிலக் கல்லூரியில் நடத்தியது தொடர்களின் ஒருங்கல் பற்றிய கணிதம். லயோலாவில் படித்த மீனாட்சிசுந்தரம் சென்னையிலேயே ஃபூரியர் தொடர்களில் ஆய்வு செய்தவர். 1949-ல் ஸ்வீடன் கணிதவியலாளர் பிளெய்யலோடு அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் வடிவியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். நம் காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தங்கவேலு, ஹெர்மைட் விரிவுகளிலும் ஹைசன்பர்க் குலத்திலும் செய்த வேலை உலகம் அறிந்தது. ஆசிரியர்களுக்கு ஒரு கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி வையுங்கள், அழைத்தால் வந்து நடத்த ஆள் இருக்கிறார்கள். மாணவர்களுக்கு எம்டிடிஎஸ் என்ற கணிதப் பயிற்சி முகாம் 1993-லிருந்து நடக்கிறது, அங்கே போய் வந்த பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கின்றன.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை விரிவாகத் தனியாக அனுப்புகிறேன். சுருக்கமாகச் சொன்னால், முதல் பாதி வட்டத்தின் மேல்: டிரிக்லே, ஃபேயர், புவாசோன் கெர்னல்கள், எல்-2 ஒருங்கல், விரியும் தொடர், தாவும் இடத்தில் எத்தனை உறுப்பு சேர்த்தாலும் தாவலில் 9 சதவீதம் அளவுக்கு நிற்கும் கிப்ஸ் கொம்பு. மறுபாதி நேர்கோட்டின் மேல்: பிளான்ஷரல், புவாசோன் கூட்டல் வாய்பாடு, ஹார்டி–லிட்டில்வுட் பெரும சார்பு, ஹில்பர்ட் உருமாற்றத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். கடைசி இரண்டு வாரம் முடிவுள்ள குலங்களும் ஏறக்குறைய சுழலும் சார்புகளும். இடம் எங்கே என்றால், இப்போது இரண்டு தாள்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும் மெட்ரிக் வெளிப் பகுதிகளை ஒன்றாக்கினால் போதும், எந்தத் தாளையும் தூக்க வேண்டியதில்லை.

குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிவித்தால், மாதிரிப் பாடத்திட்டம், வாரவாரியான வகுப்புத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய குறிப்புகளின் முதல் பகுதி, ஏற்றவற்றச் செய்முறைக்கான பயிற்சித் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். அரை மணி நேரம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரைப் பக்கக் கல்லூரி ஒன்றின் கணித ஆசிரியர்